தோட்டா விலை ஏறும்போது: டிரை ஃபயரா, ஏர் ரைஃபிளா?

தோட்டா தட்டுப்பாட்டிலும் கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க இரண்டு வழி உண்டு.

டிரை ஃபயர் என்றால் தோட்டா போடாமல் வெறும் துப்பாக்கியில் குறி வைத்து டிரிகரை இழுத்துப் பழகுவது. அதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். குறி வைக்கும் சுவருக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. டிரிகர் விழும் நொடியில் குறிமுனை எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கவனித்தால், இழுப்பில் உள்ள கோளாறு அங்கேயே தெரியும். 15, 20 நிமிடம் போதும். சோர்ந்த பிறகு செய்தால் தப்பான பழக்கம்தான் படியும். .22 ரிம்ஃபயரில் (விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா வகை) ஒரு சிக்கல்: சில துப்பாக்கிகளில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) காலி சேம்பரின் விளிம்பில் அடித்துப் பள்ளமாக்கிவிடும். அதற்கான ஸ்னாப் கேப்பை, அதாவது மருந்தில்லாத போலித் தோட்டாவை, போட்டுக்கொள்வது நல்லது.

காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள் வாங்கக் காசு வேண்டும், ஆனால் அதில் போடும் 4.5 மி.மீ. பெல்லட் (சிறு குண்டு) மலிவு, தாளில் ஓட்டையும் விழுகிறது. பெல்லட் மெதுவாகப் போவதால் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும். சுட்டவுடன் தலையைத் தூக்குபவரை அது காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பிரிங் வகையைப் பெல்லட் இல்லாமல் சுடவே கூடாது: பிஸ்டனைத் தாங்கக் காற்றழுத்தம் இருக்காது, நேராக மோதி சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

பெரிய துப்பாக்கியின் உதைப்பை இரண்டும் கற்றுத்தராது. மிச்சமுள்ள தோட்டாவை அதற்கே ஒதுக்குங்கள். மேகசினில் இடையிடையே ஸ்னாப் கேப் கலந்து வைக்க வேறொருவரிடம் சொன்னால், உதைப்புக்கு முன்பே தோள் சுளிப்பது பட்டெனத் தெரியும். டிரிகர் மட்டும்தான் குறை என்றால் டிரை ஃபயரே போதும், ஏர் ரைஃபிளுக்குக் காசு போட வேண்டியதில்லை.