கார் ஓட்டுற சைட்டா, வாட்ச் பிரிச்சுக் காட்டுற சைட்டா? அவார்ட் யாருக்குன்னு ஆபீஸ்ல நடந்த சண்டை

லஞ்ச் டைம்ல சும்மா ஆரம்பிச்ச பேச்சு, பிரியாணி பந்தயம் வரைக்கும் போயிடுச்சு. விஷயம் இதான். அனிமேஷனும் இருக்கணும், நாம தொட்டா இழுத்தா அதுக்கேத்த மாதிரி அசையவும் செய்யணும், அப்படிப்பட்ட வெப்சைட்லயே பெஸ்ட் டிசைன் அவார்ட் ஒண்ணே ஒண்ணுக்குத் தான்னா எதுக்குக் குடுப்ப? ஆளுக்கு ஒண்ணு சொல்லணும், எல்லாரும் எல்லாத்தையும் ஓப்பன் பண்ணிப் பார்க்கணும், வெள்ளிக்கிழமை ஓட்டு, தோத்தவன் செலவுல பிரியாணி. நான் ஒரு வாரமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு இதே வேலையா உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு பார்த்தாச்சு, ரிவ்யூவாவே எழுதி வெச்சிடுவோம்.

எங்க டிசைனர் பையன் யோசிக்கவே இல்ல. புரூனோ சைமனோட போர்ட்ஃபோலியோன்னுட்டான். 2019ல வந்த வெர்ஷன், வெப் வேலை பார்க்குறவங்கள்ல இத பார்க்காதவங்க கம்மி. ஒரு டெவலப்பர் தன்னோட வேலையைக் காட்ட வழக்கமா என்ன பண்ணுவாரு, போட்டோ, நாலு ஸ்க்ரீன்ஷாட், கீழ ஒரு மெயில் ஐடி, அவ்வளவு தான? இவர் ஒரு குட்டி கார் குடுத்துட்டாரு. கீபோர்டுல ஆரோ கீய அமுக்கினா கார் ஓடும், செங்கல் சுவர்ல போய் மோதினா செங்கல் ஒவ்வொண்ணா உருண்டு விழும், பௌலிங் பின் அடுக்கி இருக்கும் அதையும் இடிச்சுத் தள்ளலாம், ஓட்டிட்டே போனா அவர் பண்ண ப்ராஜெக்ட் எல்லாம் வழியில போர்டு மாதிரி நிக்கும். உள்ள ஓடுறது த்ரீ.ஜேஎஸ், பிரவுசர்ல 3டி படம் காட்டுறதுக்கான ரெடிமேட் கோடு, மோதுறது விழுறதுக்கு கேனன்.ஜேஎஸ்னு இன்னொண்ணு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது நிழல் தான். அந்த நிழல் எல்லாம் நிஜமா கணக்குப் போட்டு வர்ற நிழலே இல்ல, காருக்கு அடியில ஒரு கறுப்புப் படத்த ஒட்டி அது கூடவே நகர வெச்சிருக்காரு, வெளிச்சமும் அப்படித்தான், முன்னாடியே படமா வரைஞ்சு பொருள் மேல போர்த்தி விட்ருக்காரு. ஏமாத்து வேலை தான், ஆனா அதனால தான் அவ்வளவு லேசா ஓடுது.

சரி, அப்போ அவார்ட் குடுத்துட வேண்டியது தானேன்னா, இங்க தான் எனக்கு ஒரு இடறல். அக்கா பையன் எட்டு வயசு, அவன்கிட்ட குடுத்தேன், அரை மணி நேரம் லேப்டாப்ப விடல. முடிச்சதும் கேட்டேன், இந்த சைட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாருடா? "கார் ஓட்டுறாரு மாமா."

சிரிக்கலாம், ஆனா யோசிச்சுப் பாருங்க. எனக்கே அந்த போர்டுல எழுதியிருந்த ப்ராஜெக்ட்ல ஒண்ணு கூட ஞாபகம் இல்ல, கார் மட்டும் தான் ஞாபகம் இருக்கு. டிசைனர் பையன் உடனே சண்டைக்கு வந்துட்டான், "அண்ணா, கார் தான் அவரோட ப்ராஜெக்டே, இத பண்ணத் தெரிஞ்சவன்னு காட்டத் தான் சைட்டு, அதுக்கப்புறம் அவர் த்ரீ.ஜேஎஸ் சொல்லிக் குடுக்குற கோர்ஸ் போட்டாரு, எத்தன பேர் படிக்கிறாங்க தெரியுமா"ன்னு. அது நியாயம் தான், மறுக்கல. போர்ட்ஃபோலியோக்குன்னு தனி அவார்ட் இருந்தா இதுக்கே குடுத்துட்டுப் போயிடலாம்.

அவார்டுன்னு வந்ததும் இன்னொண்ணும் பேசணும். அவ்வ்வார்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, இங்கிலீஷ்ல மூணு டபிள்யூ சேர்த்து எழுதுவாங்க, இந்த மாதிரி சைட்டுக்கெல்லாம் தினமும் ஒண்ணுன்னு அவார்ட் குடுக்குற இடம். அங்க மார்க் எப்படிப் பிரிக்கிறாங்க தெரியுமா, டிசைனுக்கு 40, பயன்படுத்துறது எவ்வளவு சுலபம்ங்குறதுக்கு 30, புதுமைக்கு 20, உள்ள இருக்குற விஷயத்துக்கு 10. வெறும் பத்து! கல்யாண வீட்டுல பந்தல், சீரியல் லைட்டு, வாழைமரம் எல்லாத்துக்கும் தொண்ணூறு மார்க் போட்டுட்டு சாப்பாட்டுக்குப் பத்து மார்க் போட்ட கதை. இந்தக் கணக்குல போனா என்ன ஜெயிக்கும்? பந்தல் தான் ஜெயிக்கும்.

அதுக்கு ஒரு உதாரணம், பேர் வேண்டாம், ஒரு சென்ட் கம்பெனி சைட். அவார்ட் பட்டை மூலையில பெருசா ஒட்டியிருக்கும். என் போன்ல திறந்தேன், ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் நம்பர் ஓடிச்சு, ஓடிச்சு, தொண்ணூத்தி ஏழுல போய் நின்னு மூச்சு வாங்கிச்சு. அப்புறம் திறந்துச்சு. நான் விரல ஒரு தடவை மேல தள்ளினா அது தன் இஷ்டத்துக்கு ஒரு சீன் ஓட்டி முடிச்சிட்டுத் தான் அடுத்ததுக்கு விடும், நடுவுல நிறுத்த முடியாது, பின்னாடி போக முடியாது, பாட்டில் மட்டும் தண்ணிக்குள்ள சுத்திட்டே இருக்கு. விலை எங்கன்னு தேடினேன், கிடைக்கவே இல்ல. போன் இட்லி மாதிரி சூடாயிடுச்சு. ஸ்க்ரோல் பண்றது என் விரல், என் உரிமை, அத புடுங்கிக்கிட்டு நடத்துற எதுக்கும் நான் ஓட்டு போட மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சில பேருக்கு இந்த மாதிரி சுத்துறத பார்த்தா நிஜமாவே தலை சுத்தி வாந்தி வர்ற மாதிரி இருக்கும், அதுக்காகவே போன் செட்டிங்க்ஸ்ல அசைவைக் குறைக்குற ஆப்ஷன் வெச்சிருக்காங்க, பாதி சைட் அத சட்டை பண்றதே இல்ல.

டெஸ்டிங்ல இருக்குற அக்கா சொன்னது நேர் எதிர் ரகம். ஜாஷ் வொர்த் 2014ல பண்ணது, நிலாவை ஒரே ஒரு பிக்சல்னு, அதாவது ஸ்க்ரீன்ல ஒரு குட்டிப் புள்ளின்னு வெச்சா சூரியக் குடும்பம் எவ்வளவு பெருசு இருக்கும்னு காட்டுற பேஜ். கறுப்பு ஸ்க்ரீன், இடது பக்கம் சூரியன், அங்கேர்ந்து வலது பக்கமா தள்ளிட்டே போகணும், தள்ளிட்டே, தள்ளிட்டே... ஒண்ணுமே இருக்காது. நடுநடுவுல ரெண்டு வரி எழுத்து மட்டும் மிதந்துட்டு வரும், உனக்குப் போரடிக்குதுன்னு எனக்கும் தெரியும்ங்குற மாதிரி. நிலாவோட குறுக்களவு 3,474 கிலோமீட்டர், அது ஒரு பிக்சல்னா சூரியன்ல இருந்து பூமி கிட்டத்தட்ட 43,000 பிக்சல் தூரம், பூமியே மூணரை பிக்சல் சொச்சம் தான், கொஞ்சம் வேகமா தள்ளினா தாண்டிப் போயிடுவீங்க.

அதுல கீழ மூலையில ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா ஒளியோட வேகத்துல தானா நகரும். ஒளியோட வேகம்னா சர்ருன்னு போகும்னு தான நினைப்போம்? கணக்குப் போட்டா நொடிக்கு 86 பிக்சல் தான், ஆமை. அக்கா அத அமுக்கி விட்டுட்டு "வாங்க டீ குடிச்சிட்டு வரலாம்"னாங்க. கீழ போய் டீ, ஒரு வாழைக்காய் பஜ்ஜி, லிஃப்டுக்கு நின்னு மேல வந்தா அப்போ தான் பூமிய லேசா தாண்டியிருந்துச்சு. சூரியன்ல இருந்து நமக்கு வெளிச்சம் வர 8 நிமிஷம் 20 செகண்ட்னு ஏழாங்கிளாஸ்ல இருந்து மனப்பாடம், ஆனா அது ஒரு டீ குடிக்குற நேரம்னு உடம்புக்குத் தெரிஞ்சது அன்னிக்குத் தான். புளூட்டோ வரைக்கும் விட்டு வெச்சா அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், அக்கா அதையும் விட்டு வெச்சிட்டு வேலை பார்த்தாங்க.

நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். அனிமேஷன்னு சொல்ல அதுல ஒண்ணுமே இல்ல, இருந்தாலும் இருக்குறதுலயே கூர்மையான ஐடியா. ஆனா அது ஒரே ஒரு ஐடியா, ஒரு தடவை வாங்கிக்கிட்டா முடிஞ்சது. ரெண்டாவது இடம்.

மத்தவங்க சொன்னத எல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். நீல் அகர்வாலோட ஆழ்கடல் பேஜ், இதே மாதிரி தான், ஆனா கீழ இறங்கணும், எந்த ஆழத்துல எந்த மீன்னு காட்டிட்டே போகும், டைட்டானிக் கிடக்குற 3,800 மீட்டரத் தாண்டியும் பாதி வழி கூட ஆகியிருக்காது. குழந்தைங்களுக்கு முதல்ல காட்ட வேண்டியது இது தான். அப்புறம் பிரையன் ஜேம்ஸ் 2015ல பண்ண ஒண்ணு, அழிஞ்சிட்டு வர்ற 30 உயிரினம், ஒவ்வொண்ணும் 30 முக்கோணத் துண்டுல, துண்டு எல்லாம் சிஎஸ்எஸ்லயே, அதாவது பேஜுக்கு கலரும் வடிவமும் குடுக்குற கோடுலயே வரைஞ்சது, ஒரு மிருகம் உடைஞ்சு அதே துண்டுகள் சேர்ந்து அடுத்த மிருகமா மாறும். அழகுக்கு மட்டும்னா இதான் ஜெயிக்கணும். நியூயார்க் டைம்ஸ் 2012ல போட்ட பனிச்சரிவுக் கட்டுரைய ஒருத்தர் சொன்னாரு, அது தான் இந்த ஸ்க்ரோல் பண்ணா படம் ஓடுற ஸ்டைல பரப்பி விட்டது, அதுக்கு அமெரிக்காவுல பத்திரிகைக்காரங்களுக்குக் குடுக்குற புலிட்சர் அவார்டும் வந்துச்சு, ஆனா புலிட்சர் எழுத்துக்குத் தான வந்துச்சு, நாம ஏன் அதுக்கு டிசைன் அவார்டும் சேர்த்துக் குடுக்கணும்?

என்னோட ஓட்டு பார்டோஷ் செஹனோவ்ஸ்கியோட மெக்கானிக்கல் வாட்ச் பேஜுக்கு. 2022ல வந்தது. இங்கிலீஷ்ல அவர் பேரோட கடைசி மூணு எழுத்த புள்ளிக்கு அப்புறம் போட்டு அதையே வெப் அட்ரஸா வெச்சிருக்காரு, அந்தக் குசும்புக்கே ஒரு மார்க் குடுக்கலாம். முதல் பார்வைக்கு டிசைன் அவார்ட் வாங்குற மூஞ்சியே இல்ல, வெளிறின பின்னணி, நீளமான கட்டுரை, நடுநடுவுல ஒரு படம். டிசைனர் பையன் மூணு செகண்ட் பார்த்துட்டு "இது பாடப்புத்தகம்"னுட்டான்.

அந்தப் படத்துல விரல வெச்சு இழுத்துப் பாருங்கடா முதல்ல. சுத்தும். கீழ ஒரு ஸ்லைடர் இருக்கும், அத நகர்த்தினா வாட்ச் அடுக்கடுக்கா பிரிஞ்சு காத்துல நிக்கும். ஒரு சுருள் கம்பிய முறுக்கி விட்டா அது எப்படித் திரும்ப விரியுதுன்னு முதல்ல காட்டுவாரு, அடுத்த படத்துல அதே சுருள ஒரு டப்பாக்குள்ள போட்டு மூடுவாரு, அடுத்ததுல டப்பாக்கு வெளிய பல் முளைக்கும், அது அடுத்த பல்சக்கரத்தத் தள்ளும், இப்படி ஒவ்வொரு படத்துலயும் ஒரே ஒரு பாகம் மட்டும் தான் புதுசு. கட்டுரைல ஒரு பாகத்தோட பேர் பச்சைல இருந்தா படத்துலயும் அந்தப் பாகம் பச்சை, கோடு போட்டு அம்புக்குறி வெச்சு நம்பர் போடுற வேலையே இல்ல, கண்ணு தானா அங்க போயிடும்.

இதோட உண்மையான டெஸ்ட் எங்க வீட்டுல நடந்துச்சு. அப்பாக்கு எழுபது தாண்டிடுச்சு, அவர்கிட்ட பழைய எச்எம்டி ஜனதா ஒண்ணு இருக்கு, காலையில பல்லு வெளக்குற மாதிரி தினமும் சாவி குடுப்பாரு, ஒரு நாள் மறந்தா நின்னுடும். அதோட டயல்ல 17 ஜூவல்ஸ்னு போட்டிருக்கும், சின்ன வயசுல உள்ள வைரம் இருக்குன்னு நினைச்சுட்டு நானும் அக்காவும் அத உடைக்கப் பார்த்து அடி வாங்கியிருக்கோம். அந்தப் பேஜ டேப்ல போட்டுக் குடுத்தேன். இங்கிலீஷ் அவ்வளவா படிக்க மாட்டாரு, நான் ஒவ்வொரு பாராவா தமிழ்ல சொல்லிட்டே வந்தேன், ஆனா பாதிக்கு மேல நான் சொல்றத அவர் கேக்கவே இல்ல, விரலே பாடம் நடத்திடுச்சு.

வாட்சுக்கு உள்ள டிக் டிக்னு சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு இடம் இருக்கு, அங்க தான் ரொம்ப நேரம் நின்னாரு. ஒரு பக்கம் முடி மாதிரி மெல்லிசான ஸ்பிரிங் மாட்டின சக்கரம் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடுது, இன்னொரு பக்கம் முறுக்கின ஸ்பிரிங்கோட வேகத்துல ஓடத் துடிக்குற பல்சக்கரம், ரெண்டுக்கும் நடுவுல கவட்டை மாதிரி ஒரு துண்டு. ஊஞ்சல் ஒரு தடவை ஆடினா கவட்டை ஒரு பல்ல விடும், அடுத்த பல்லப் புடிச்சுக்கும், விடுறப்போ அந்தப் பல்லு ஊஞ்சலுக்கு ஒரு தள்ளு குடுத்துட்டுப் போகும், அதான் ஆட்டம் நிக்காம இருக்கு. அந்தப் புடிக்கிறது தான் டிக். நிறைய வாட்ச்ல இது செகண்டுக்கு எட்டு தடவை நடக்குது, கண்ணால பார்க்க முடியாது, வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணுல லென்ஸ் மாட்டிக்கிட்டுப் பார்த்தாலும் அந்த வேகத்துல ஒண்ணும் பிடிபடாது. இங்க மெதுவாக்கிக் காட்டுறாரு, ஒவ்வொரு பல்லா எண்ணலாம். அப்பா "தள்ளியும் விடுது, புடிச்சும் நிறுத்துது, ரெண்டும் அதே தானா"ன்னாரு. நான் பத்து வருஷமா அனிமேஷன் எழுதுறேன், என் வேலைல எதையும் பார்த்து யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல.

ஜூவல்ஸும் அதுல வருது. வைரமும் இல்ல மண்ணும் இல்ல, செயற்கையா செஞ்ச சிவப்புக் கல்லு, சக்கரத்தோட அச்சு உரசித் தேயாம இருக்க அது உட்கார்ற குழிக்கு வெக்கிறாங்க. வாங்கின அடிய நினைச்சுக்கிட்டேன்.

இதெல்லாம் எந்த லைப்ரரியும், அதாவது அடுத்தவங்க எழுதி வெச்ச ரெடிமேட் கோடும் இல்லாம, பிரவுசருக்கே தெரிஞ்ச ஜாவாஸ்கிரிப்ட், வெப்ஜிஎல்ல அவரே கையால எழுதினது. இது தொழில்காரன் பெருமைக்காக சொல்லல. ஒரு காலத்துல அவார்ட் குவிச்ச சைட் எல்லாம் ஃப்ளாஷ்னு பிரவுசர்ல தனியா மாட்டுற ஒரு சாஃப்ட்வேர்ல பண்ணது, 2020 கடைசியோட ஃப்ளாஷுக்கு மூடுவிழா, இன்னிக்கு அதெல்லாம் திறந்தா வெறும் சாம்பல் கட்டம். இந்தப் பேஜ் இன்னும் பத்து வருஷம் கழிச்சும் திறக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. இன்னொண்ணு, அசையுறது தொந்தரவா இருந்தா, இல்ல பேட்டரி மிச்சம் பண்ணணும்னா, எல்லாப் படத்தையும் ஒரே தட்டுல நிறுத்திக்கோன்னு அவரே ஆரம்பத்துல சொல்லி பட்டன் வெச்சிருக்காரு. அந்த சென்ட் பாட்டில் சைட்டுக்காரங்க இத பார்க்கணும்.

குறை இல்லாம இல்ல. நீளம் ரொம்ப, ஒரே மூச்சுல முடிக்க முடியாது, நானே மூணு நாள் எடுத்துக்கிட்டேன். சின்ன போன்ல சில பாகம் விரலுக்கு அடியில மறைஞ்சு போகுது, டேப்லயோ லேப்டாப்லயோ பாருங்க. சத்தம் இல்ல, டிக் பத்தி இவ்வளவு சொல்லிட்டு அந்த டிக்க கேக்க விடலையேன்னு ஒரு குறை. சாவி குடுக்குற குமிழ இழுத்தா முள்ளு திருப்புறதா மாறுதே, அந்தப் பகுதி எனக்கு இன்னும் முழுசா புரியல, ரெண்டு தடவை படிச்சாச்சு.

கார்ல இருந்து அனிமேஷன எடுத்துட்டா ஒரு நல்ல டெவலப்பரோட ப்ராஜெக்ட் லிஸ்ட் மிஞ்சும், சென்ட் சைட்ல எடுத்தா விலை தெரியாத ஒரு பாட்டில் மிஞ்சும். வாட்ச் பேஜ்ல எடுத்தா எழுத்து மட்டும் மிஞ்சும், அத வெச்சு ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியாது. வெள்ளிக்கிழமை ஓட்டுக்கு முன்னாடி இதையே தான் பத்து நிமிஷம் கத்தினேன்.

மொத்தம் ஒன்பது ஓட்டு. காருக்கு அஞ்சு, நிலாவுக்கு ரெண்டு, ஆழ்கடலுக்கு ஒண்ணு, வாட்சுக்கு என்னோடது மட்டும். அப்பாவ கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டு ஓட்டாவது ஆகியிருக்கும். ஒன்பது பிரியாணி நான் தான் வாங்கிக் குடுத்தேன், அதுலயும் என் பொட்டலத்துல முட்டை வெக்க மறந்துட்டான் கடைக்காரன்.