எல்லிஸா, மேரி கியூரியா: ஐரோப்பாவில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு இரண்டு வழிகள்

ஐரோப்பாவில் செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்டம் செய்ய வேண்டும், ஆனால் ஒரே ஊர், ஒரே நெறியாளர் என்று முடங்கிவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு முன்னால் பெரிய வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஐரோப்பிய இயந்திரக் கற்றல் ஆய்வாளர்களின் வலையமைப்பான எல்லிஸ் நடத்தும் முனைவர் திட்டம். மற்றது ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்பு. நான் எல்லிஸ் வழியாக ஜெர்மனியில் சேர்ந்து, நெதர்லாந்தில் இருந்த இணை நெறியாளரோடும் சேர்ந்து ஆய்வை முடித்தவன். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இனி மறைத்துப் பயனில்லை.

2018-இல் ஐரோப்பாவின் இயந்திரக் கற்றல் ஆய்வாளர்கள் சிலர் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். திறமைசாலிகள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், நாடுகள் தனித்தனியாக நின்று இதைச் சமாளிக்க முடியாது என்பது அதன் சாரம். அந்த டிசம்பரிலேயே எல்லிஸ் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் கனடாவின் மாண்ட்ரியல், இயந்திரக் கற்றலுக்கான பெரிய உலக மாநாடான நியூரிப்ஸின்போது. ஐரோப்பியர்கள் ஒன்று சேர அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டியிருந்தது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிண்டல் செய்வதுண்டு.

பணத்தில் மேரி கியூரிதான் மேல். சம்பளம், இடம்பெயர்வுப் படி, குடும்பம் இருந்தால் அதற்கொரு படி என்று எல்லாம் விதியிலேயே இருக்கிறது. எல்லிஸ் தன் கையிலிருந்து சம்பளம் தருவதில்லை. முதன்மை நெறியாளரின் நிறுவனம்தான் தர வேண்டும். ஜெர்மன் பல்கலைக்கழகமானால் பொதுவாக அரசு ஊதிய அட்டவணையின் 13-ஆம் நிலை. வாழ்வதற்குப் போதும். மற்ற நாடுகளில் எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தகுதியில் மேரி கியூரிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. நம்மூரிலிருந்து முதுகலை படிக்க ஜெர்மனிக்கு வருபவர்கள் ஏராளம். இரண்டு ஆண்டு படித்து முடித்த கையோடு அவர்களுக்கு ஜெர்மனியில் உள்ள மேரி கியூரி இடங்கள் அடைபட்டுவிடுகின்றன. பிரான்சுக்கோ இத்தாலிக்கோ விண்ணப்பிக்கலாம், தடையில்லை. எல்லிஸில் இந்தத் தொல்லையே கிடையாது.

இவையெல்லாம் விளம்பரத்தைப் படித்தாலே தெரியும். என்னை எல்லிஸ் பக்கம் தள்ளியது இரண்டாவது நெறியாளர் என்ற ஏற்பாடு.

எல்லிஸ் விதி எளியது. இரண்டு நெறியாளர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்க வேண்டும். மாணவர் குறைந்தது ஆறு மாதம் இரண்டாமவரிடம் போய் இருக்க வேண்டும். தலைப்பை மாணவரும் அந்த இருவரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். மேரி கியூரியில் வரிசை தலைகீழ். குறைந்தது மூன்று நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்து திட்டம் எழுதுகின்றன. பத்து மாணவர் என்றால் பத்துத் தலைப்பும், யார் எந்த நிறுவனத்தில் எத்தனை மாதம் என்பதும், ஒரு மாணவர்கூட வருவதற்கு முன்பே தாளில் ஏறிவிடுகின்றன. திட்டம் கொடுத்து, முடிவு வந்து, ஆள் எடுத்து, வேலை தொடங்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். மற்றத் துறைகளில் இது பெரிய குறையில்லை. நம் துறையில் அப்படியல்ல. மேரி கியூரியின் 2022-ஆம் ஆண்டு திட்ட அழைப்புக்கான கெடு நவம்பர் 15-ஆம் தேதி முடிந்தது. சாட்ஜிபிடி வெளிவந்தது நவம்பர் 30-ஆம் தேதி. அந்தக் கெடுவுக்குள் மொழித் தொழில்நுட்பத் தலைப்பு எழுதிக் கொடுத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். தலைப்பை ஓரளவு திருத்த இடமுண்டு என்பது உண்மை. ஆனாலும் என் அடுத்த மேசை நண்பர் ஒருவர், தலைப்பு செத்துப்போன பிறகும் அதன் பெயரில் அறிக்கை எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஜெர்மன் நெறியாளர் கோட்பாட்டு ஆள். தேற்றம் நிரூபணமாகாமல் எதையும் நம்பமாட்டார். நெதர்லாந்துக்காரர் சோதனை ஆள். வாராந்தரக் காணொளிச் சந்திப்பில் நான் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டால், ஒருவர் "இந்த அனுமானம் எங்கிருந்து வந்தது?" என்பார். மற்றவர் "பிழைக்கோடு எங்கே? எத்தனை தடவை வேறு வேறு தொடக்க எண்களோடு ஓட்டிப் பார்த்தாய்?" என்பார். பிறகு என்னை விட்டுவிட்டு அவர்களே வாதாடத் தொடங்குவார்கள். நான் குறிப்பெடுப்பேன். ஆய்வேட்டின் இரண்டாம் இயல் ஏறக்குறைய அந்தக் குறிப்புகள்தான். இரு கூடத்து ஜிபியு கணினிகளிலும் (பெரிய கணக்குகளை வேகமாக ஓட்டுபவை) எனக்குக் கணக்கு இருந்தது. ஓரிடத்தில் வரிசை நீண்டால் மற்றதில் வேலையை ஏற்றிவிடலாம். நான் பட்டம் வாங்கிய பின்னும் அவர்கள் இருவரும் சேர்ந்து இன்னொரு மாணவரை எடுத்திருக்கிறார்கள். அறிக்கை கேட்க யாரும் இல்லாதபோதும் தொடர்ந்த கூட்டு அது.

ஆறு மாதம் என்ற சொல்லுக்குள் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/801 நெறிமுறைப்படி, ஒரு நாட்டில் ஆய்வாளர் வசிப்பு அனுமதி வைத்திருப்பவர் மற்றொரு நாட்டில் 360 நாட்களுக்குள் 180 நாள் வரை எளிதாக இருந்து ஆராயலாம். முழு ஆறு மாதம் என்றால் அந்த எல்லையை உரசிவிடும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஏற்பாட்டில் இல்லை. எல்லிஸ் மையங்கள் உள்ள பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்துக்கே வெளியே. ஜெர்மனியில் உங்கள் வசிப்பு அட்டையில் ஆய்வாளருக்கான 18-டி பிரிவு என்று இருக்கிறதா, உயர்கல்வி பெற்ற ஊழியருக்கான நீல அட்டையா என்று பாருங்கள். ஆய்வாளருக்கான சலுகை முன்னதற்குத்தான். நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்கினால் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். ஆனால் அறை விளம்பரங்களில் பாதி "பதிவு செய்ய முடியாது" என்ற வரியோடுதான் வரும். நான் இருப்பை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். திட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. இரண்டு ஊரிலும் வாடகை கட்டும் மாதங்களுக்குப் பணம் யார் தருவது என்பதை முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். மேரி கியூரியில் இந்தச் செலவுக்கென்று நிறுவனத்துக்குத் தனியாகப் பணம் வருகிறது. இந்த ஓர் இடத்தில் எனக்கு அவர்கள்மேல் பொறாமை உண்டு.

மேரி கியூரியை நான் உள்ளே இருந்து பார்த்தவனல்ல. நண்பர்கள் சொன்னதை வைத்துப் பேசுகிறேன். அங்கே ஒரே சமயத்தில் சேரும் பத்துப் பேர் கோடைப் பள்ளிகளில் கூடிக் கூடி நெருக்கமாகிவிடுகிறார்கள். நெறியாளர்கள் ஒட்டாவிட்டாலும் மாணவர்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். குடும்பத்தோடு வருபவருக்கும், தொழில் நிறுவனத்தில் சில மாதம் வேலை பார்க்க விரும்புபவருக்கும் அது பொருந்தலாம். எல்லிஸிலும் தொழில்துறைப் பிரிவு உண்டு. அதில் சேர்ந்த யாரையும் எனக்கு நெருக்கமாகத் தெரியாது.

எல்லிஸில் கிடைக்கும் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பொது அழைப்பு ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில். அதில் தவறினாலும் எல்லிஸ் உறுப்பினர் ஒருவரின் கூடத்தில் வழக்கமான முறையில் சேர்ந்து, தொடக்கத்திலேயே அவரைப் பரிந்துரைக்கச் சொல்லி உள்ளே வரலாம். நேர்காணலில் இரு நெறியாளரிடமும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள்: நீங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து எழுதிய கட்டுரை எது? இதுவரை எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை, எதைச் சேர்ந்து எழுத ஆசை என்று கேளுங்கள். இருவரின் பதிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால் வேறு இணையைத் தேடுங்கள்.