முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்குன சாவி மெட்ரோனோம், பாஞ்சோ பிராக்டிஸுக்கு எப்படி இருக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கும்ல, அதுல ஒரு கடையில எனாமல் தூக்குச்சட்டிக்கு பின்னாடி இந்த மர மெட்ரோனோம் இருந்துச்சு, தாளம் தப்பாம பழக டக் டக்னு ஒரே சீரா அடி போடுற மெஷின். கூம்பு மாதிரி பெட்டி, பக்கத்துல சாவி, முன்னால ஆடுற கம்பி. 2800 சொன்னாரு, பேசி 1900க்கு வாங்கினேன், ஆறு வாரமா தினமும் ஓடுது.

நான் வாசிக்கிறது அஞ்சு கம்பி பாஞ்சோ, கட்டைய அமுக்கி வாசிக்கிற புல்புல்தாரா இல்ல, அதையும் பாஞ்சோன்னு சொல்றதால கடையில பாதி பேச்சு அதுலயே போச்சு. பாஞ்சோவுல சத்தம் டக்குனு அடங்கிடும், கிட்டார் மாதிரி இழுத்துக்கிட்டு நிக்காது, அதனால ஒரு விரல் துளி முந்தினாலும் பச்சையா வெளிய தெரியும். எனக்கு நடுவிரல்தான், ஃபார்வர்ட் ரோல் (கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்னு வரிசையா திரும்பத் திரும்ப மீட்டுறது) ஓடும்போது அடுத்து வர்ற கட்டைவிரல் மேல போய் இடிச்சிக்கிட்டே இருந்துச்சு.

போன் ஆப்ல சத்தம் கேட்டப்புறம் கை துரத்திக்கிட்டு ஓடும். இதுல கம்பி ஆடி வர்றது கண்ணுக்கு தெரியுது, அடி எப்ப விழும்னு கைக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. இதுக்காகவே 1900 தகும்.

வேகத்த 60ல, அதாவது நிமிஷத்துக்கு 60 அடியில, வச்சுட்டு மாத்தவே மாட்டேன். வீணை கத்துக்கிற புள்ளைங்க சரளி வரிசைய மூணு காலத்துல வாசிப்பாங்கல்ல அதே மாதிரி ஒரு அடிக்கு ஒரு நோட்டு, அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு, நாலுக்கு வந்தா எட்டு நோட்டு ரோல் ரெண்டு அடியில முடிஞ்சிடும். முதல் காலம்தான் ரொம்ப கஷ்டம், நடுவுல அவ்வளவு காலி இடம் இருக்குறதால கை பொறுக்காது. நோட்டு சரியா அடி மேல விழுந்தா அந்த டக் சத்தமே கேக்காது, பாஞ்சோவுக்குள்ள மறைஞ்சிடும். நாலாவது வாரம் ஒரு நாள் பதினாறு அடி தொடர்ந்து டக்கே கேக்கல, மெஷின் நின்னுடுச்சோன்னு நிமிந்து பாத்தா கம்பி ஆடிக்கிட்டுதான் இருக்கு! அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம்.

குறையும் சொல்லணும். வளவுல (வீட்டு நடு முற்றத்துல) வச்சப்ப டக்... டக்டக்...னு நொண்டுச்சு, ஏமாந்துட்டோம்னு கடைக்கே தூக்கிட்டு போனேன், "மெஷின்ல ஒண்ணுமில்ல தம்பி, மட்டமா வைங்க"ன்னாரு. அவர் சொன்னது சரிதான், மழைத்தண்ணி ஓட எங்க வீட்டு தரை லேசா சாஞ்சிருக்கு, கல்யாணப் பத்திரிகைய மடிச்சு ஒரு பக்கம் குடுத்ததும் சீராயிடுச்சு. இன்னொண்ணு, 60ல வச்சு கடிகாரத்த பாத்து எண்ணினா நிமிஷத்துக்கு 58தான் வருது. தனியா பழக இது போதும், ரெக்கார்டிங்குக்கு ஆகாது. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சாவி குடுக்கணும். விரல் நுனியில மாட்டுற ஃபிங்கர் பிக் போட்டு அடிச்சா டக் எப்பவுமே அமுங்கிடும்ங்கிறதால பாஞ்சோ தோலுக்கு பின்னாடி ஒரு துண்டுத் துணிய சொருகிக்கிறேன், மதியம் ஆச்சி தூங்குறதுக்கும் தொந்தரவு இல்ல.

அதே கடையில இன்னொண்ணு இருக்கு, முன் மூடி இல்ல, ஆனா ஸ்பிரிங் நல்லா இருக்கு. வாங்கப் போறவங்க சாய்வில்லாத மேசையில வைக்கச் சொல்லி சாவி குடுத்து, கண்ண மூடி முழுசா ஒரு நிமிஷம் கேளுங்க, கம்பியில இருக்குற எடைக்கட்டி தானா கீழ வழுக்குதான்னும் பாத்துக்குங்க.