பழைய டீசல் ஹைலக்ஸின் ஐடில் வேகம்: பம்புத் திருகா, கைக் குமிழா, காரணத்தைத் தேடுவதா?

2446 சிசி கொள்ளளவுள்ள 2எல் அல்லது 2779 சிசி கொள்ளளவுள்ள 3எல் டீசல் இயந்திரம் பொருத்திய பழைய டொயோட்டா ஹைலக்ஸின் ஐடில் வேகத்தை, அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாதபோது இயந்திரம் ஓடும் வேகத்தை, மாற்றக் கணினி எதுவும் தேவையில்லை. ஒரு சிறிய ஸ்பேனரும் திருப்புளியும் போதும். அந்த எளிமையே பல வண்டிகளுக்கு வினையாக முடிந்திருக்கிறது. இலங்கையின் கராஜ்களில் "டபுள் கேப் நின்ற இடத்தில் ஆடுகிறது" என்று சொன்ன மாத்திரத்தில், டீசல் பம்பிலுள்ள ஐடில் திருகை நகராமல் பூட்டும் லாக் நட் தளர்த்தப்பட்டுவிடும். அதே குறைக்குக் கையால் இழுக்கும் குமிழைப் பயன்படுத்தலாம் என்பவர்கள் உண்டு. திருகையே தொடாமல் காரணத்தைத் தேட வேண்டும் என்பவர்களும் உண்டு. இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதுவது வழக்கம். என் கணிப்பில் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு குறைகளுக்கு உரியவை.

இந்த இயந்திரங்களில் சிலிண்டர்களுக்கு டீசலை அளந்து அனுப்புவது வி.இ. வகைச் சுழல் பம்பு. டீசல் இயந்திரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே செல்லும் எரிபொருளின் அளவு மட்டுமே என்பதால், ஐடிலில் அது தானாக ஏறிவிடாமலும் அணைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளப் பம்புக்குள் ஒரு கவர்னர் வேண்டியிருக்கிறது. சுழலும் எடைக்கட்டிகள் எரிபொருளைக் குறைக்கும் திசையிலும், ஒரு மெல்லிய ஐடில் ஸ்பிரிங் அதைக் கூட்டும் திசையிலும் தள்ளுகின்றன. இரண்டும் சமன்படும் இடமே ஐடில் வேகம். வெளியே தெரியும் திருகு ஆக்சிலேட்டர் லீவர் ஓய்வெடுக்கும் இடத்தை மாற்றி, அதன் வழியாக அந்த ஸ்பிரிங்கின் இழுவிசையை மாற்றுகிறது. ஆகவே திருகைத் திருப்பினால் நான்கு சிலிண்டர்களுக்கும் போகும் டீசல் ஒருசேரக் கூடும் அல்லது குறையும். ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்திருந்தால் அதைத் தனியே தேற்ற இந்தத் திருகால் இயலாது.

திருகே சரியான வழியாக இருக்கும் தருணங்கள் உண்டு. பம்பைக் கழற்றிப் பழுதுபார்த்து மாட்டிய பிறகும், கிளட்ச், பிரேக் எல்லாம் நன்றாக இருந்தும் வேகம் மட்டும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே நிற்கும்போதும் அதைத்தான் தொட வேண்டும். மானுவல் கியர் வண்டிக்கு நிமிடத்துக்கு 700 சுற்றை ஒட்டிய வேகம் பொருத்தமானது. அதற்கு வெகுவாகக் கீழே போனால் நடுக்கம் மட்டுமன்றி வேறு தொல்லையும் உண்டு: பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் உண்டாக்கும் வேக்யூம் பம்பு இந்த இயந்திரங்களில் ஆல்டர்னேட்டரின் தண்டிலேயே ஓடுவதால், சுற்று குறையும்போது வெற்றிடம் திரும்பச் சேருவதும் தாமதமாகும். இயந்திரம் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, ஏ.சி.யையும் விளக்குகளையும் அணைத்துவிட்டு, லீவர் உண்மையிலேயே திருகின் மேல் அமர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தால் லீவரைத் தாங்கிக்கொண்டிருப்பது கேபிளே. அப்போது திருகை எவ்வளவு வெளியே எடுத்தாலும் வேகம் இறங்காது. பிறகு கால் சுற்று அளவில் திருப்பி, ஒருமுறை ரேஸ் கொடுத்து விட்டு, வேகம் அலைபாயாமல் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்து லாக் நட்டை இறுக்கலாம். டாஷ்போர்டு மீட்டரை நம்புவதைவிட, கிராங்க் புல்லியில் வெள்ளைக் குறியிட்டு ஒளி டாக்கோமீட்டரால் அளப்பது மேல்.

இந்த வழியின் பெரிய ஆபத்து அருகிலுள்ள மற்றத் திருகுகள். அதே லீவரின் மறுபக்கத்தில் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகும், பம்பின் பின்முகத்தில் முழுச்சுமை எரிபொருள் திருகும் இருக்கின்றன. இழுவை போதவில்லை என்று யாராவது பின்முகத் திருகை உள்ளே ஏற்றியிருந்தால், கரும்புகையோடு ஐடிலும் சேர்ந்து ஏறும். அடுத்து வருபவர் ஐடில் திருகைக் கீழே இறக்குவார். இரண்டு தவறுகள் சேர்ந்து மீட்டரில் 700 என்று சரியாகக் காட்டும். பழைய வண்டி வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

கைக் குமிழ் வேறு வகையானது. டாஷ்போர்டின் கீழே இழுத்துத் திருப்பிப் பூட்டும் இக்குமிழ், ஒரு கேபிள் மூலம் லீவரைச் சற்றே தூக்கிப் பிடிக்கிறது. திருகின் அமைப்பு அப்படியே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் விடியற்காலையில் வண்டி எடுப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. குளிரில் ஐந்து நிமிடம் தேவைப்படும் வேகத்துக்காக நாள் முழுவதும் ஐடிலை உயர்த்தி வைப்பது வீண் செலவு. ஆனால் குமிழை உள்ளே தள்ள மறந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் பம்பு டீசல் கொடுத்துக்கொண்டே இருக்கும். கியரால் வேகத்தைப் பிடிக்கும் பலம் அந்த அளவுக்குக் குறையும். வண்டி நகரும் முன் குமிழ் உள்ளே போயிருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சில பம்புகளில் இதே வேலையை மெழுகு நிரப்பிய ஒரு குளிர்த்தொடக்கக் கருவி தானாகச் செய்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் அதன் வழியே ஓடிச் சூடேற்ற, மெழுகு விரிந்து லீவரை விடுவிக்கும். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் சூடான பிறகும் வேகம் இறங்காது. சூட்டில் ஐடில் கூடுதலாக நிற்கிறது என்றால் திருகை விட்டுவிட்டு அந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏ.சி. போட்டால் மட்டும் வேகம் சரிகிறது என்ற குறைக்கும் திருகு தீர்வாகாது. ஏ.சி. ஓடும்போது லீவரைச் சற்றே தூக்குவதற்கென உள்ள வேக்யூம் டயஃப்ரமும் அதன் ரப்பர்க் குழாயும் பார்க்கப்பட வேண்டியவை.

மூன்றாவது வழிதான் நேரம் பிடிப்பது, பலரும் தவிர்ப்பது. நான்கு சிலிண்டர் இயந்திரம் 700 சுற்றில் நொடிக்கு ஏறக்குறைய 23 முறை வெடிக்கிறது. 900 சுற்றில் 30 முறை. இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்கள் தளர்ந்த வண்டி முதல் அலைவெண்ணில் ஆடிவிட்டு இரண்டாவதில் அமைதியாகிவிடலாம். என் வண்டிக்கு நடந்தது இதுவே. ஒரு கராஜில் ஐடிலை ஏறத்தாழ 900 ஆக்கிக் கொடுத்தார்கள். ஆட்டம் நின்றது, நானும் மகிழ்ந்தேன். பிறகு ரிவர்ஸ் கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. பம்பு, நாசில் வேலை தெரிந்த முதியவர் ஒருவர் ஐடிலில் ஓடும்போதே சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் சற்றே தளர்த்தி இறுக்கினார். மூன்று குழாய்களுக்கு இயந்திரம் தடுமாறியது. மூன்றாம் சிலிண்டரின் குழாய்க்கு மட்டும் சத்தத்தில் மாற்றமே இல்லை. அந்த நாசில் டீசலைத் தூவாமல் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையைச் செய்பவர் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும், ஏனெனில் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது.

நாசில் நன்றாக இருந்தும் ஐடில் ஏறி இறங்கினால், டீசலில் காற்று கலப்பதைச் சந்தேகிக்கலாம். ஃபில்டர் தலைப்பிலுள்ள கைப்பம்பின் டயஃப்ரம் வெடித்தாலும், பம்பின் லீவர்த் தண்டிலுள்ள ஓ-ரிங் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான். பம்புக்கு முன்னுள்ள குழாயில் சிறிது தூரம் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும்.

எனவே நான் பின்பற்றும் வரிசை கராஜ் வரிசைக்கு நேர் எதிரானது. முதலில் காற்று, நாசில், மவுண்டிங். அடுத்து கேபிளும் மெழுகுக் கருவியும். இவை அனைத்தும் சரியான பிறகும் வேகம் குறைந்திருந்தால் மட்டுமே திருகு. குளிருக்குக் கைக் குமிழ் போதும். மூன்றாம் நாசிலை மாற்றி, கிழிந்திருந்த இடப்பக்க மவுண்டிங்கையும் மாற்றிய பிறகு, திருகை 700க்கு இறக்கி, லாக் நட்டுக்குக் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். சர்வீஸுக்கு விட்டு எடுக்கும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.