வெட்டிய தகட்டைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய காரை வீட்டிலேயே பிரித்து, துரு எடுத்து, மறுபடி ஓட வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். மற்ற வேலைகளை நானே பார்த்துக்கொண்டு டிங்கரிங் வேலையை, அதாவது பாடித் தகட்டைச் சரிசெய்வதை, மட்டும் வெளியே கொடுத்தேன். அதில் 46,000 ரூபாய் போய்விட்டது. பணம் போனதைவிட, அந்தக் காரில் அம்மாவை உட்கார வைத்துத் தொப்பூர் கணவாய் இறங்கினேனே, அதை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

வண்டி மாருதி 800. 1999-இல் அப்பா புதிதாக வாங்கியது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது, 2004-இல்தான் பிரித்தார்கள். அந்த வண்டியில்தான் நான் கார் ஓட்டப் பழகினேன். 2019-இல் ஆர்சி புதுப்பித்த சில மாதங்களில் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு வண்டியை எடுக்க வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. பர்கூர் பக்கத்தில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் ஐந்து வருடம் நின்றது.

நிழல்தானே என்று மரத்தடியில் விட்டது பெரிய தப்பு. இலையும் பூவும் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரத்தில் விழுந்து மட்கி, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துவிட்டன. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சில் ஊறி நின்றது. வெளியே பெயிண்ட் ஓரளவு நன்றாகவே இருந்தது. உள்ளிருந்துதான் அரித்தது.

2024 ஏப்ரலில் வேலையைத் தொடங்கினேன். சீட், கார்ப்பெட், டாஷ்போர்டு எல்லாம் கழற்றி எடுத்தேன். பெட்ரோல் டேங்கை இறக்கிக் கழுவினேன், பின் பிரேக்குக்குப் புது வீல் சிலிண்டர் போட்டேன். துருவேறிய கீல், பிராக்கெட் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ஒரு வழி நன்றாக வேலை செய்தது. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைத் துருப்பிடித்த சாமானிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் ஒட்டாமல் ராத்திரி முழுக்க விட்டால், துரு கறுப்புச் சேறாகக் கழன்று வந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பாசிட்டிவில் எவர்சில்வர் மாட்டவே கூடாது, குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் பக்கத்து ஃப்ளோரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் பொத்துக்கொண்டு தரை தெரிந்தது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு கீழ்ப்புறம் அப்பளமாக நொறுங்கியது. ஜாக்கி வைக்கும் இடமே இல்லை. இதெல்லாம் வெல்டிங் வேலை, எனக்குத் தெரியாது.

தெரிந்தவர் சொல்லி, நெடுஞ்சாலையோரம் ஒரு பட்டறைக்குப் போனேன். அவர்கள் மேல் நான் போட்ட நுகர்வோர் மனு நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, துருவ பூரா வெட்டி எடுத்துட்டு 20 கேஜ் ஷீட்டுல புது ஃப்ளோரே போட்டுத் தரேன். இன்னும் இருபது வருஷத்துக்கு இந்தப் பக்கம் துரு வராது" என்றார். பெயிண்டும் சேர்த்து 46,000 பேசினோம். 20,000 ரொக்கமாகக் கொடுத்தேன், மீதியைக் கூகுள் பேயில் அனுப்பினேன். தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

நடுவில் இரண்டு தடவை, "வந்து பார்க்கட்டுமா அண்ணா" என்று கேட்டேன். முதல் தடவை, "இப்ப வந்தா அரைகுறையா இருக்கும் தம்பி, பாத்தா மனசு கஷ்டப்படும்" என்றார். அடுத்த தடவை, பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம், தூசி ஆகாது என்றார். இரண்டையும் நம்பினேன். பத்தொன்பதாம் நாள் வண்டி வந்தபோது ரன்னிங் போர்டில் முகம் தெரிந்தது. கீழே குனிந்து பார்த்தால் முழுக்கக் கறுப்பு ரப்பர் கோட்டிங். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

ஆகஸ்டில் 5,000 ரூபாய் கட்டி ஆர்சியும் புதுப்பித்தாயிற்று. நவம்பரில் அம்மாவின் கண் பரிசோதனைக்காகச் சேலம் போய் வந்தோம். லாரிகளுக்கு நடுவே தொப்பூர் இறக்கத்தில் போனது அந்தப் பயணத்தில்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, ஏரி நிரம்பி, சாலையோரம் நின்ற வண்டிகளையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை, ஆனாலும் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மழை விட்டதும் கதவைத் திறந்தால் பழைய நாற்றம். கார்ப்பெட்டைப் பிழிந்தால் தண்ணீர். ரன்னிங் போர்டில் பட்டாணி அளவு கொப்புளங்கள்.

வீட்டுச் சாமான் ஒன்றில் இருந்த காந்தத்தை எடுத்து ரன்னிங் போர்டில் வைத்தேன். இரும்பு என்றால் ஒட்ட வேண்டும், ஒட்டாமல் விழுந்தது. இரண்டு அடி நீளத்துக்கு எங்கே வைத்தாலும் விழுந்தது. அன்று ராத்திரியே உளி வைத்துத் தட்டினேன். ஓட்டை மேல் எண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்திருந்தார்கள். அதற்கு மேல் கம்பி வலை, வலைக்கு மேல் பட்டி என்கிற பூச்சுப் பசை. சில இடங்களில் பட்டி 12 மில்லிமீட்டர் கனம் இருந்தது. சுத்தமான தகட்டின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் மேடுபள்ளம் நிரவுவதற்குத்தான் பட்டி. ஓட்டையை மூடுவதற்கு இல்லை. அது ஈரத்தை இழுத்துத் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், துரு இன்னும் வேகமாக ஓடும்.

ஃப்ளோரில் வெல்டிங் என்பதே கிடையாது. பழைய துருவின் மேல் ஒரு தகரத்தை வைத்து, சுற்றி ரிவெட் அடித்து, மேலும் கீழும் ரப்பர் கோட்டிங். ஒரு ரிவெட் பெட்ரோல் குழாயை உரசிக்கொண்டு நின்றது. அரை விரல் தள்ளி அடித்திருந்தால் குழாய் ஓட்டை. டிரைவர் சீட்டின் உள்பக்க போல்ட்டைச் சுற்றி இருந்த இரும்பு கையால் கிள்ளினால் வந்தது. சீட் பெல்ட்டின் கீழ்முனை மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வெறும் பட்டி. மாருதி 800-க்குத் தனியாகச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடிதான் மொத்தத்தையும் தாங்குகிறது, அதில் ரன்னிங் போர்டு முதுகெலும்பு மாதிரி. ஒரு லாரி லேசாக இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு விடியும்வரை அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பட்டறைக்குப் போய்ப் படங்களைக் காட்டினேன். முதலில் எங்கள் வேலையே இல்லை என்றார். பிறகு, "பழைய வண்டிக்கு இதுக்கு மேல செலவு பண்ணா கட்டுமா தம்பி? உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். "வெட்டி எடுத்த பழைய தகடு எங்கே அண்ணா, காட்டுங்க" என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. 5,000 திருப்பித் தருகிறேன் என்றார், வாங்கவில்லை.

இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். துருவை உண்மையில் வெட்டினால் வெட்டிய துண்டு பட்டறையில் கிடக்கும். அதை எனக்கு எடுத்து வையுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். புதுத் தகடு பற்ற வைத்ததும், பிரைமர் படுவதற்கு முன்னால், நேரில் போய் இருபக்கமும் பார்த்துப் படம் எடுங்கள். வரவேண்டாம் என்று சொன்னால் அன்றைக்கே வண்டியைத் திருப்பி எடுத்துவிடுங்கள். நீங்கள் பார்க்கும்வரை ரப்பர் கோட்டிங் அடிக்கக் கூடாது. தகடு என்ன கேஜ் (கனம்), எந்த வெல்டிங், எந்தெந்த இடம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை அந்தந்தக் கட்டம் முடிந்த பிறகு கொடுங்கள், முடிந்தவரை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

பிறகு வண்டியைச் சரிசெய்தது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருக்கும் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் சிஓ2 வெல்டிங் மெஷினோடு எங்கள் வீட்டுக்கே வந்தார், ஆறு ஞாயிறு ஆனது. கதவு இடைவெளிகளை அளந்து எழுதிக்கொண்டு, உள்ளே குறுக்காக இரும்புக் குழாயைப் பற்ற வைத்த பிறகுதான் ரன்னிங் போர்டில் கை வைத்தார். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து கதவு மூடாதாம். பேட்டரி, பெட்ரோல் டேங்க், குழாய் எல்லாவற்றையும் முதலில் கழற்றச் சொன்னார். மெல்லிய தகட்டில் ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும் என்று, அங்கொன்று இங்கொன்றாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு இணைத்தார். பிறகு எபாக்சி பிரைமர், மூட்டுகளில் சீலர், ரன்னிங் போர்டுக்கு உள்ளே மெழுகு ஸ்ப்ரே. தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுத் திறந்துவிட்டார். பொருளும் கூலியும் சேர்த்து 31,000. நான் கேட்காமலேயே, வெட்டிய துருத்தகட்டை எல்லாம் ஒரு அரிசிச் சாக்கில் கட்டி வைத்து, "எண்ணிப் பாத்துக்கோங்கண்ணா" என்றார்.

முதல் பட்டறை மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போட்டிருக்கிறேன். ஏமாந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்கு மனுக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். கூகுள் பே ரசீதும் பட்டியை உடைத்தபோது எடுத்த படங்களும்தான் இப்போது கையில் இருக்கும் ஆதாரம். ரொக்கமாகக் கொடுத்த 20,000-க்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

பர்கூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் யாராவது இப்போது பட்டறையில் வண்டி விட்டிருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தத்தோடு நானே கூட வருகிறேன், பெயிண்ட் அடிப்பதற்குள் பார்த்துவிடலாம்.