ஜெஃபி 0.10: மூடுல் குழுக்களை வரைந்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு

மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் குழுவேலை கொடுக்கிறீர்கள். மாணவர்களில் யார் யாருக்குப் பதில் எழுதுகிறார்கள், யார் யாரோடும் சேராமல் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆசை. நிரல் எழுத வராது, மென்பொருளுக்குக் காசு ஒதுக்க நிர்வாகமும் சம்மதிக்காது. அப்படியென்றால் ஜெஃபி என்ற, உறவு வலைகளை வரைந்து காட்டும் இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது முதலில் வரைந்து காட்டும் படத்தை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள்.

நான் பி.எட். கல்லூரியில் கல்வித் தொழில்நுட்பம் நடத்துகிறவள். கணினித் துறைக்காரி இல்லை. எம்.எட். மாணவர்களின் ஆய்வுக்கு வழிகாட்டப்போய் இதைக் கற்றுக்கொண்டேன். பி.எட். உளவியலில் சோசியோகிராம் என்று ஒன்று படித்திருப்பீர்களே, "பக்கத்தில் யாரோடு உட்கார விருப்பம்?" என்று கேட்டு, பெயர்களை வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு வரைவோமே, அதேதான் இது. 1932-ல் அமெரிக்காவின் ஹட்சன் ஊரில் பெண்கள் பள்ளியொன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். அதற்கான காரணத்தை மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ அவர்களுடைய பழக்க வலையை வரைந்துதான் தேடினார். அவர் விருப்பத்தைக் கேட்டு வரைந்தார். நாம் மாணவர்கள் விட்டுச்சென்ற பதில்களை வைத்து வரைகிறோம். இந்த வித்தியாசம் பெரியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜெஃபி பிரான்சின் காம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தொடங்கிய வேலை. 2009-ல் பாஸ்தியான், ஹேமன், ஜாகோமி மூவரும் மாநாட்டுக் கட்டுரை ஒன்றில் அறிமுகப்படுத்தினார்கள். திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். என்னிடம் இருப்பது 2023-ல் வந்த 0.10 வரிசை. முன்பெல்லாம் ஜாவாவைத் தனியாக நிறுவி, பதிப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் இதைத் திறக்க முடியும். இப்போது ஜாவா கூடவே வருகிறது. ஒரு வகுப்பு அளவுத் தரவுக்குச் சாதாரண மடிக்கணினியே தாராளம்.

திரையின் மேலே மூன்று பிரிவுகள்: ஓவர்வியூவில் வலை மிதக்கும், டேட்டா லேபரட்டரியில் அட்டவணை இருக்கும், ப்ரிவ்யூவில் அச்சுக்கான படம் தயாராகும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஓவர்வியூவிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். உண்மையான வேலை அட்டவணையில்தான், அதுவும் ஜெஃபியைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

மூடுலின் கலந்துரையாடல் மன்றத்தில் ஏற்றுமதி வசதி இருக்கிறது. சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் ஒவ்வொரு பதிவுக்கும் ஐடி, பேரன்ட், யூசர்ஐடி என்ற பத்திகள் வரும். பேரன்ட் என்பது இந்தப் பதிவு எந்தப் பதிவுக்குப் பதில் என்பதன் எண். கவனியுங்கள், அது ஆளின் எண் இல்லை, பதிவின் எண். ஆகவே எக்செல்லில் விலுக்அப் (எண்ணை வைத்து அட்டவணையில் தேடித் தரும் சூத்திரம்) போட்டு அந்தப் பதிவை எழுதியவர் யார் என்று எடுத்துவர வேண்டும். படத்தில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி, பதில் என்பது கோடு. பதில் எழுதியவர் சோர்ஸ் (கோடு தொடங்கும் புள்ளி), பதில் பெற்றவர் டார்கெட் (கோடு சேரும் புள்ளி). பேரன்ட் 0 என்றிருந்தால் அது புதிய உரையாடல் இழையைத் தொடங்கிய பதிவு, அந்த வரிக்குக் கோடு கிடையாது. தனக்குத் தானே பதில் போட்டுக்கொண்டவர்களையும் நீக்கிவிடுங்கள். இறக்குமதி செய்யும்போது ஒரே இருவருக்கிடையே பல வரிகள் இருந்தால் என்ன செய்ய என்று ஜெஃபி கேட்கும். கூட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் பத்து முறை பேசிக்கொண்டவர்களின் கோடு ஒரு முறை பேசியவர்களின் கோட்டைவிடத் தடிப்பாக வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பயிற்சிக் காணொளிகளில் இதை யாரும் அழுத்திச் சொல்வதாகத் தெரியவில்லை. இந்தக் கோடுகளின் பட்டியலை மட்டும் ஏற்றினால், ஒரு பதிலும் எழுதாத, ஒரு பதிலும் பெறாத மாணவர் படத்திலேயே இருக்கமாட்டார். ஆசிரியர் தேடிப் பார்க்க வேண்டியதே அவரைத்தான்! வருகைப் பதிவேட்டில் உள்ள எல்லோரையும் புள்ளிகளின் பட்டியலாகத் தனியே ஏற்றி, பிறகு கோடுகளை அதே ஒர்க்ஸ்பேஸில் (ஜெஃபியில் ஒரு வலைக்கான வேலைப்பகுதி) சேர்க்க வேண்டும். புதிய ஒர்க்ஸ்பேஸ் என்ற தேர்வைத் தெரியாமல் மாற்றாமலே வைத்துவிட்டால் இரண்டும் சேராது. சேர்ந்ததும் படத்தின் ஓரத்தில் கோடே இல்லாத புள்ளிகள் சிதறி நிற்கும். மென்பொருளின் ஆகப் பெரிய உபயோகம் எனக்கு அந்த ஓரம்தான். இன்னொன்று, அவர்கள் எழுதவில்லை என்பதால் படிக்கவில்லை என்றாகாது. யார் எதைத் திறந்தார் என்று குறித்துவைக்கும் மூடுல் லாகைத் திறந்தால், எழுதாத ஆள் எல்லா இழைகளையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்த்திருப்பதும் உண்டு.

சரி, ஏற்றியாயிற்று. ஃபோர்ஸ் அட்லஸ் 2 என்ற அடுக்குமுறையை ஓடவிடுங்கள். புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும், கோடுகள் இழுக்கும். நாம் நிறுத்தும்வரை அசைந்துகொண்டே இருக்கும். முதல் படம் அநேகமாக எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும்: நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் கோடுகள். அந்த நடுப்புள்ளி நீங்கள்தான். மாணவர் எழுதுவார், மேடம் பதில் சொல்வார், மாணவர் "நன்றி மேம்" என்பார். கோடுகள் நிறைய, ஊடாட்டமும் அமோகம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாம். இப்போது டேட்டா லேபரட்டரிக்குப் போய் ஆசிரியர் புள்ளியை நீக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். மாணவர்களுக்குள் உண்மையில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் தெரியும். சில குழுக்கள் அப்படியே நிற்கும், சில பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இந்த ஒரு சோதனைக்காகவே ஜெஃபியை எந்த ஆசிரியருக்கும் சிபாரிசு செய்வேன்.

ஒரு எச்சரிக்கை: நீக்குவதற்கு முன் ஒர்க்ஸ்பேஸை நகலெடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிப்பில் அன்டூ கிடையாது. இவ்வளவு முதிர்ந்த மென்பொருளில் அது இல்லாதது எனக்கு இன்னும் ஏற்கமுடியாத குறைதான்.

புள்ளிவிவரப் பகுதி வலப்பக்கம் இருக்கிறது. பிட்வீன்னஸ், அதாவது மற்றவர்களுக்கு இடையிலான வழிகளில் ஒருவர் எத்தனை முறை குறுக்கே நிற்கிறார் என்ற அளவு, அந்தப் பெயரில் அங்கே பொத்தானாக இல்லை. நெட்வொர்க் டயாமீட்டர் என்பதை ஓடவிட்டால்தான் அட்டவணையில் புதுப் பத்தியாக முளைக்கும். இதைத் தெரியாமல் "மேம், எங்க சாஃப்ட்வேர்ல அது இல்லை" என்று வந்து நிற்கிற மாணவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. அந்தக் கணக்கு கோட்டின் எடையைப் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை பதில் போட்டாலும் இருபது முறை போட்டாலும் அதற்கு ஒரே கோடுதான்.

ஆனாலும் எனக்குப் பிடித்த அளவு அதுதான். எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு மின்பாடம் தயாரிக்கச் சொல்லிக் குழுக்களாகப் பிரித்திருந்தேன். அதில் ஒரு பெண் மிகக் குறைவாகவே எழுதியிருந்தாள். மதிப்பெண் போடுகிற கண்ணுக்கு அவள் சுமார் ரகம். படத்தில் இரண்டு குழுக்களுக்கு நடுவே தனிப் பாலமாக நின்றாள். போய்ப் பதிவுகளைப் படித்தால், ஒரு குழு செய்துவைத்த வினாத்தாள் மாதிரியை மற்றக் குழுவுக்குக் காட்டி "இதை நாமும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டது அவள்தான். எண்ணிக்கையில் சிக்காத வேலை அது. படம் இல்லாமல் நான் அந்தப் பதிவைத் தேடியிருக்கவே மாட்டேன்.

டென்சிட்டிக்கு, அதாவது சாத்தியமான கோடுகளில் எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்ற அடர்த்திக்கு, அத்தனை மரியாதை தர வேண்டாம். ஆறு பேர் குழுவில் சாத்தியமான அம்புகள் 30, அறுபது பேர் வகுப்பில் 3540. சின்னக் குழுவில் எல்லோரும் எல்லோருக்கும் பதில் போடுவது எளிது, பெரிய வகுப்பில் மனிதனால் ஆகாது. "எங்கள் குழுவின் அடர்த்தி முழு வகுப்பைவிட அதிகம், ஆகவே குழுக்கற்றல் சிறந்தது" என்று முடிவெழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது சிவப்புப் பேனா தானாகக் கைக்கு வந்துவிடுகிறது.

மாடுலாரிட்டி என்பது, தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்ளும் கும்பல்களைத் தானே பிரித்து நிறம் கொடுக்கும் வசதி. 2008-ல் வெளியான லூவான் முறைதான் உள்ளே ஓடுகிறது. முடிவு ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் மாறலாம். எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும் என்று நாம் கொடுக்கும் ரெசல்யூஷன் எண்ணை மாற்றினால் கும்பல்களின் எண்ணிக்கையே மாறும். அந்த எண்ணைக் குறித்துவைத்து ஆய்வேட்டில் போடுங்கள். மூடுலில் குழுக்களை ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருந்தால் இந்த வசதியால் பயனே இல்லை. நீங்கள் பிரித்ததை அது அப்படியே திருப்பித் தரும். பிற குழுக்களின் இழைகளும் கண்ணுக்குத் தெரிந்து, எல்லோரும் எழுதவும் இடமிருந்தால்தான், நாம் போட்ட வேலியை மாணவர்கள் தாண்டினார்களா என்று கேட்பதில் அர்த்தம் உண்டு.

படத்தில் யார் மேலே, யார் கீழே என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. மறுபடி ஓடவிட்டால் வலப்பக்கம் இருந்தவர் இடப்பக்கம் போவார். யாருக்கு அருகில் யார் என்பதை மட்டும் ஓரளவு பார்க்கலாம், அதையும் எண்களோடு வைத்துத்தான் பேச வேண்டும்.

மொரேனோ விஷயத்துக்கு வருகிறேன். மூடுலில் பதில் என்ற பொத்தானை அழுத்தியதைத்தான் ஜெஃபி கோடாக எடுத்துக்கொள்கிறது. மாணவர்களோ மூன்றாவது ஆளுக்குச் சொல்ல வேண்டியதை முதல் பதிவின் கீழேயே தட்டிவிடுவார்கள். "அருமை", "நன்றி", "ஆம், நானும் ஒப்புக்கொள்கிறேன்" எல்லாமே கோடுகள்தான். ஒரு கருத்தை மறுத்து, காரணம் சொல்லி, திருத்தி எழுதிய பதிலும் ஒரு கோடுதான். ஆகவே பதிவுகளை உட்கார்ந்து படித்து, எது எந்த வகை என்று குறியிடாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. 1997-ல் குணவர்த்தனா, லோ, ஆண்டர்சன் தந்த ஐந்து கட்டப் பகுப்பை எங்கள் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள்: தகவல் பகிர்வு, முரண்பாடு, பேசித் தீர்த்தல், சோதித்தல், உடன்பாட்டைப் பயன்படுத்துதல். முதல் கட்டத்துப் பதில்களை வடிகட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் வரைந்தால் வலை சட்டென்று இளைத்துவிடும். ஜெஃபியின் ஃபில்டர் பகுதி இதற்கு நன்றாகவே உதவுகிறது. இருபக்கமும் பதில் போன ஜோடிகளை மட்டும் பார்க்கும் வடிகட்டியும் அங்கேயே இருக்கிறது.

அதோடு, நம் ஊர் மாணவர்களின் உண்மையான குழுவேலை வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. மூடுலில் போடுவது மேடம் பார்ப்பதற்கு. வாட்ஸ்அப் உரையாடலைக் கோப்பாக எடுத்தால் யார் எப்போது என்ன எழுதினார் என்பது வரும். யாருடைய செய்தியைக் குறித்துப் பதில் போட்டார் என்பது வராது. அனுமதி வாங்கி எடுத்தாலும் கோடுகளைக் கையால்தான் போட வேண்டும்.

மாற்றுகளைப் பற்றி ரெண்டு வார்த்தை. எக்செல்லுக்குள்ளேயே இருக்க விரும்பினால் நோட்எக்செல் உண்டு; இலவசப் பதிப்பில் வசதிகள் குறைவு, விண்டோஸ் வேண்டும். யுசிநெட்டில் புள்ளியியல் சோதனைகள் வலுவானவை, ஆனால் காசு. ஆர் என்ற நிரல்மொழி தெரிந்தவர்கள் அதிலுள்ள ஐகிராஃப் தொகுப்புக்குப் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். நிறுவவே பிடிக்காதவர்களுக்கு உலாவியில் திறக்கும் ஜெஃபி லைட் இருக்கிறது. ஒரு வகுப்பை வரைந்து காட்ட அதுவே போதும்.

படத்தைப் பெயர்களோடு வகுப்பில் திரையிடாதீர்கள். ஓரத்தில் நிற்கும் புள்ளி யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏற்றும்போதே பெயருக்குப் பதில் எண் கொடுத்துவிடுவது நல்லது. கோடுகளுக்கு மதிப்பெண் என்று அறிவிக்கவும் வேண்டாம். அடுத்த நாளே "நன்றி தோழி" என்று நூறு கோடுகள் வந்து விழும்.

கடைசியாக, ஆய்வேட்டில் படம் சேர்ப்பவர்களுக்கு. ப்ரிவ்யூவிலிருந்து எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆக எடுங்கள், திரையைப் படம்பிடித்து ஒட்டாதீர்கள். கோடுகள் வளைந்து வருவதை நிறுத்திவிடுங்கள், எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். முக்கியமாக, குழுக்களை நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டாதீர்கள். ஐந்து பிரதியில் நாலு பிரதி கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான். வைவாவில் வெளித்தேர்வாளர் கையில் இருப்பதும் அதில் ஒன்றாகத்தான் இருக்கும். பச்சைக் குழு எது, சிவப்புக் குழு எது என்று அவர் கேட்டால் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். புள்ளிக்குள்ளேயே குழு எண்ணைப் போட்டுவிடுங்கள்.