மாசச் செலவுக்கு எது, ஆபரேஷனுக்கு எது? மாற்றுத்திறன் குழந்தைகள் இருக்கிற குடும்பங்களுக்கான உதவிகள், ஒரு ஒப்பீடு

குழந்தைக்கு ஆட்டிசம்னோ சிபின்னோ (பெருமூளை வாதம்) பெரிய வியாதின்னோ தெரிஞ்ச உடனே ஆளாளுக்கு ஒரு ஸ்கீம் பேரு சொல்ல ஆரம்பிச்சிருவாங்க, நிராமயா போடுங்க, முதலமைச்சர் காப்பீடு வாங்குங்க, க்ரவுட்ஃபண்டிங் (நெட்ல ஜனங்ககிட்ட பணம் திரட்டறது) பண்ணுங்கன்னு. எல்லாமே நல்ல எண்ணத்துல சொல்றதுதான். ஆனா இதெல்லாம் ஒரே வேலையைச் செய்யற ஸ்கீம் கிடையாது, அதை யாரும் சொல்றதில்ல. தமிழ்நாட்டுல இருக்கிற குடும்பங்களை மனசுல வச்சு எழுதறேன்.

முதல்ல பாக்க வேண்டியது உங்க செலவு எந்த மாதிரின்னு. ஒரே தடவையில லட்சக்கணக்குல வர்ற செலவா, இல்ல மாசா மாசம் தெரபி, மருந்து, டயப்பர், ஆட்டோன்னு கரையற செலவா? நான் பாத்த வரைக்கும் குடும்பத்தைக் கடன்ல தள்றது பெரும்பாலும் ரெண்டாவதுதான். ஆனா எல்லாரும் ஓடுறது முதலாவதுக்கான உதவியைத் தேடி.

பெரிய செலவுன்னா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் முதல் சாய்ஸ். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும், பிரீமியம் நீங்க கட்ட வேண்டாம், திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் நம்ம கையில இருந்து பணம் போடாம வைத்தியம் நடக்கும். காது கேக்காத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன், ஹார்ட் ஆபரேஷன், கேன்சர் ட்ரீட்மென்ட்டுக்கெல்லாம் இது பெரிய தெம்பு. ஆனா வாரத்துக்கு மூணு நாள் ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு இந்த கார்டு உதவாது, இது அட்மிட் ஆகிப் பாக்கிற வைத்தியத்துக்கானது.

அந்த இடத்துலதான் நிராமயா வருது. 1999-ல வந்த நேஷனல் ட்ரஸ்ட் சட்டத்துக்குக் கீழ நடக்கிற காப்பீடு இது, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு இந்த நாலுக்கு மட்டும். வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும்தான், தொகையைப் பாத்து நிறைய பேர் அலட்சியம் பண்ணிடறாங்க. ஆனா சாதாரண இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கனவே இருக்கிற பிரச்சனைன்னு கையை விரிக்கிற குழந்தையை இது மெடிக்கல் டெஸ்ட் எதுவும் கேக்காம சேத்துக்கும், ஓபி (அட்மிட் ஆகாம டாக்டரைப் பாக்கிறது) செலவு, தெரபி, மருந்து, போக்குவரத்து வரைக்கும் தரும். ஒவ்வொண்ணுக்கும் உள்ளுக்குள்ள தனித்தனி உச்சவரம்பு இருக்கு, 1 லட்சத்தையும் தெரபிக்கே எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க.

இதோட குறை என்னன்னா முதல்ல நாம செலவு பண்ணணும், அப்புறம்தான் க்ளெய்ம். அங்கதான் முக்கால்வாசிப் பேர் விட்டுடறாங்க. தெரபி சென்டர்ல துண்டுச் சீட்டுல 'மார்ச் மாசம் தெரபி, மொத்தம் இவ்வளவு'ன்னு எழுதித் தர்றத வாங்கிட்டு வந்துடாதீங்க. குழந்தை பேரு நிராமயா கார்டுல இருக்கிற அதே ஸ்பெல்லிங்ல இருக்கணும், எந்தெந்தத் தேதியில என்ன தெரபி, ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவுன்னு வரணும், தெரபிஸ்ட் கையெழுத்து, சீல், பதிவு எண் இருக்கணும், கூடவே இந்தத் தெரபி தேவைன்னு டாக்டர் எழுதின சீட்டும் வேணும். அன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க. ஆறு மாசம் கழிச்சுப் போய் நின்னா ரிசப்ஷன்ல இருக்கிறவங்களே மாறியிருப்பாங்க. இன்னொண்ணு, இது ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் கணக்கு, ரினியூவல விட்டுட்டா கவர் நின்னுடும்.

மாசப் பணம்னு பாத்தா மாநில அரசோட பராமரிப்பு உதவித்தொகை, 2023 ஜனவரியில இருந்து மாசம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு நோய் மாதிரி சில பிரிவுகளுக்குத்தான். கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேக்கணும். தொகை சின்னதுதான், ஆனா பில் காட்ட வேண்டாம், எதுக்கு செலவு பண்ணீங்கன்னு யாரும் கேக்கமாட்டாங்க, அந்த சுதந்திரம் காப்பீட்டுல கிடையாது. அப்ளை பண்ண அடுத்த மாசமே வந்துரும்னு மட்டும் பட்ஜெட் போடாதீங்க. அதுவரைக்கும் அரசு ஆஸ்பத்திரிகள்ல நடக்கிற, சின்னக் குழந்தைங்களோட குறைபாட்டை ஆரம்பத்துலயே கவனிக்கிற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துல தெரபி இலவசம், பணமா வராததால இதை உதவின்னே பல பேர் கணக்குல எடுக்கறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

சம்பளக்காரங்களுக்கு வரிச்சலுகை இருக்கு. 1961 வருமான வரிச் சட்டத்துல 80டிடி பிரிவுன்னு சொல்லிட்டு வந்தது இது, குறைபாடு 40 சதவீதத்துல இருந்து 75,000, 80 சதவீதத்துல இருந்து 1,25,000 கழிவு (வருமானத்துல அந்தத் தொகைக்கு வரி கிடையாது), உண்மையா எவ்வளவு செலவாச்சுன்னு பாக்கறதில்ல. ஆனா பழைய வரிமுறையில இருந்தாத்தான் கிடைக்கும், ஆபீஸ்ல எதுவும் சொல்லாம விட்டா புதுசுலதான் போட்டிருப்பாங்க. 30 சதவீத வரி கட்டறவருக்கு 75,000 கழிவுல 22,500-க்கு மேல மிச்சம், 5 சதவீதக்காரருக்கு 4,000 கூட தேறாது, வரியே கட்டாத கூலித் தொழிலாளிக்குச் சுத்தமா ஒண்ணும் இல்ல. ரொம்பக் கஷ்டப்படற குடும்பத்துக்கு இதைப் பெரிய உதவியா எடுத்துச் சொல்றத நிறுத்தணும். அவங்கள்ல யாராவது இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கிற கம்பெனியில வேலை பாத்தா அதை முதல்ல பயன்படுத்தச் சொல்லுங்க, மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் இருக்கிறவங்களுக்கு, குழந்தைக்கும் சேத்து, ஓபியும் உண்டு.

அரிய நோய்னா கணக்கே வேற. 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில, அரசு அங்கீகரிச்ச சிறப்பு மையம் மூலமா 50 லட்சம் வரைக்கும் உதவி உண்டு, சென்னையில எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதுல ஒண்ணு. எஸ்எம்ஏங்கிற தசை பலவீன நோய்க்கான ஊசிக்கு 16 கோடின்னு செய்தி வந்ததே, அந்த மாதிரி நோய்க்கு 50 லட்சம் எந்த மூலைக்கு, அங்கதான் க்ரவுட்ஃபண்டிங் தவிர்க்க முடியாததா ஆகுது.

ஆனா மத்தவங்களுக்கு க்ரவுட்ஃபண்டிங் கடைசிதான்னு நான் அழுத்திச் சொல்வேன். வேகமா பணம் வரும், உண்மைதான். யாருக்கு வரும்? பெரிய நட்பு வட்டம், ஷேர் பண்ற ஆளுங்க இருக்கிறவங்களுக்கு. அதுவும் ஒரு ஆபரேஷன், ஒரு தொகைன்னு இருந்தாத்தான் ஜனங்க தருவாங்க, பத்து வருஷம் போற தெரபிக்குத் திரும்பத் திரும்பக் கேக்க முடியாது. தளத்துக்கு என்ன கட்டணம், பணம் ஆஸ்பத்திரி கணக்குக்கா நம்ம கணக்குக்கா போகுதுன்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். எல்லாத்தையும் விட, ட்யூப் மாட்டிட்டு அழற அந்தப் பிள்ளையோட போட்டோ நெட்ல தங்கிடும், நாளைக்கு அது வளந்து காலேஜ் போறப்பவும் அங்கயே இருக்கும். போட்டே ஆகணும்னா முகம் சிரிச்சிருக்கிற போட்டோ ஒண்ணைப் போடுங்க.

என்னைக் கேட்டா வரிசை இதுதான்: முதல்ல மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி அட்டையும் (மத்திய அரசோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை). 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, தலசீமியாவும் ஹீமோஃபீலியாவும்கூட அதுல வரும், அது தெரியாம இருக்கிற பெத்தவங்க எத்தனையோ பேர். அதுக்கப்புறம் நிராமயாவையும் உதவித்தொகையையும் ஒண்ணாவே போடுங்க, ஒண்ணு வந்தா இன்னொண்ணு கிடைக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஒண்ணு காப்பீடு, இன்னொண்ணு உதவித்தொகை. முதலமைச்சர் காப்பீட்டு கார்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடற அன்னைக்கு இல்லாம இப்பவே எடுத்து வைங்க. கேன்சர் மாதிரி நோய் இந்த 21-ல வராது, அந்தக் குடும்பங்க அட்டைக்கு அலையாம நேரா காப்பீட்டு கார்டுல ஆரம்பிக்கட்டும், அது போதலைன்னா ஆஸ்பத்திரியில எஸ்டிமேட் வாங்கி பிரதமர் நிவாரண நிதிக்கும் முதலமைச்சர் நிவாரண நிதிக்கும் மனு போடலாம்.